இணைப்பை முதலில் வாங்கிய குழாய்க்காரன்

அன்புமிக்க மைத்துனருக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அக்காவும் வீட்டுக் குழாய்களும் ஒழுகலின்றி நலம். அங்கே நீங்களும் உங்கள் வகுப்பறையும் நலமா என்று எழுதவும்.

முதலில் நன்றி. நீங்கள் அனுப்பிய ஆங்கில, ஸ்பானிஷ் இலக்கணப் பாடம் இல்லாவிட்டால் நம் பையன் கல்யாணம் அந்தரத்தில் தொங்கியிருக்கும். பெண்ணின் அப்பா வெளிநாட்டுத் தையற்கடைக்காரர், ஸ்பானிஷ் தவிர ஒன்றும் தெரியாது. மாப்பிள்ளையின் அப்பாவோடு பத்து நிமிடம் தனியாகப் பேசிவிட்டுத்தான் சம்மதம், நடுவில் மொழிபெயர்க்க யாரும் கூடாது என்று சொல்லியனுப்பிவிட்டார். இருந்ததோ நாலே நாள். நாற்பது வருஷமாக எல்போ, டீ, கப்ளிங் என்று குழாய் இணைப்புகளையெல்லாம் முதலில் வாங்கிவிட்டு, குழாயை அப்புறம் அளந்து வெட்டியே பழகியவன் நான். அதே கணக்கில் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, இணைப்புச் சொற்களை மட்டும் நெட்டுருப் போட்டேன். அண்ட் என்றால் இ, பட் என்றால் பெரோ, பிகாஸ் என்றால் போர்கே.

"வெறும் இணைப்பை வெச்சுக்கிட்டு எதை எதோட சேர்ப்பீங்க?" என்றாள் உங்கள் அக்கா.

"சேர்க்க வேண்டியதை அவர் கொண்டு வருவார்" என்றேன்.

நேற்று வீடியோவில் வந்தார், பேசினார், மூச்சு வாங்க நிறுத்தினார். "இ?" என்றேன். மேலே சொன்னார். "பெரோ..." என்று இழுத்தேன். தலையில் கைவைத்துக்கொண்டார். "போர்கே?" என்றதும் எழுந்து ஓடியே விட்டார். போச்சு, காரியத்தைக் கெடுத்துவிட்டோம் என்று எனக்கு வேர்த்துக் கொட்டியது. திரும்பி வந்தவருக்கு முகமெல்லாம் ஈரம்! பெண்ணைப் பிரியப் போகிற தகப்பன், உள்ளே போய் அழுதுவிட்டு வருகிறார் என்று எனக்கும் கண் கலங்கிவிட்டது. பத்து நிமிடம் ஒரு மணி நேரமாயிற்று.

காலையில் பையன் போன் செய்தான். "சரின்னுட்டார்ப்பா! உங்களை மாதிரி மனுஷனைப் பார்த்ததே இல்லையாம்." உங்கள் அக்கா என்னை மரியாதையோடு பார்த்தாள், முப்பது வருஷத்தில் முதல் தடவையாக. எல்லாம் நீங்கள் போட்ட பிச்சை. குடும்பத்தோடு குறைவின்றி வாழுங்கள். கல்யாணத்தில் முன்வரிசை நாற்காலி உங்களுக்குத்தான்.

நன்றி மறவாத
அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது பையன் மறுபடி கூப்பிட்டான். நேற்று சம்பந்தி சொன்னது ஒரே விஷயமாம். சமையலறைக் குழாய் வெடித்து வீட்டில் கணுக்காலளவு தண்ணீர், "நீங்கள் குழாய்க்காரர்தானே, எதை மூடுவது?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார். நாற்பது வருஷ அனுபவஸ்தன் சொன்ன யோசனை, "ஆனால்". கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து வால்வை மூடினாராம். "நான் பதறினப்போ பதறாம ஒரு மணி நேரம் கூடவே உட்கார்ந்திருந்தாரே, அந்த வீட்டுக்குப் பொண்ணு குடுக்கலாம்" என்கிறாராம். ஆகவே நன்றி அப்படியே இருக்கட்டும். உங்கள் அக்காவிடம் மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள். அந்த மரியாதை கல்யாணம் வரையாவது தாங்கட்டும்.