பழுதில்லை என்றால் முழுக்கூலி

இந்த இலங்கைத் தீவிலேயே நல்ல செய்தியை மிகக் கூடிய விலைக்கு விற்ற மனிதர் எங்கள் சோலார் பரியாரியார்தான். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அந்த விலையைக் கொடுத்து வாங்கிய வயிற்றெரிச்சல்காரன் நான்.

சுனாமி அடித்து ஓய்ந்து, சண்டை மட்டும் ஓயாமல் கிடந்த காலம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், எங்கள் ஊருக்கு மின்சாரம் என்பது அக்கரையில் மினுங்குகிற ஒரு சங்கதி. அப்போது ஏதோ ஒரு நிறுவனம் வந்து வீட்டுக்கு ஒரு சோலார் பனலும், ஒரு பற்றறியும், இரண்டு பல்புகளும் கொடுத்தது. கைதட்டினோம், படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். வீட்டுக்கு ஒரு சூரியனைத் தந்தவர்கள், அதற்கு நோய்நொடி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று சொல்ல மறந்துவிட்டார்கள்.

அந்த இடைவெளிக்குள் புகுந்தவர்தான் பரியாரியார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. தேற்றாத்தீவில் கடலோரமாக ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். கடையைக் கடல் கொண்டுபோன பிறகு களுவாஞ்சிக்குடியில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். பனல் பார்க்கப் பழக்கிய வகுப்புக்குப் போனாராம். வகுப்பு முழுக்க இங்கிலீசு. விளங்கியதை வைத்துக்கொண்டு, விளங்காததைத் தானே உண்டாக்கிக்கொண்டார்.

பரியாரியார் என்ற பெயர் சும்மா வரவில்லை. நாட்டு வைத்தியரைப் போலவே, கூப்பிடப் போகிறவனைத்தான் முதலில் பிடித்துச் சகுனம் கேட்பார்.

"வரக்குள்ள முன்னுக்கு என்ன வந்த?"

"ஒரு மாடு, அண்ணன்."

"என்ன மாடு?"

"கறுத்த மாடு."

"சினை மாடா?"

"அது எனக்கெப்பிடித் தெரியும்?"

"அப்ப பற்றறிதான். போ, வாறன்."

வருவார். தோணியில் வாவியைக் கடந்து, பிறகு சைக்கிளில், கக்கத்தில் ஒரு கறுப்புக் குடையோடு. அந்தக் குடையை அவர் விரித்து நான் கண்டதில்லை. உச்சி சாய்ந்த பிறகுதான் வேலை. வீட்டின் நிழல் முற்றத்தில் எங்கே முடிகிறதோ, அந்த ஓரத்தில், வெயிலில், ஒரு செருப்பைக் கழற்றி வைப்பார். பிறகு கூரையில் ஏறி, பனலுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு அதையே பார்த்திருப்பார். நிழல் நீண்டு வந்து செருப்பை மூடினால்தான் இறங்குவார். அதுவரை பிளேன்ரீ இல்லை, வெற்றிலை இல்லை, வாயைத் திறப்பதும் இல்லை. குடையை விரிக்கச் சொன்னால், "அது வெயில்ல கிடக்கு, நான் நிழல்ல இரிந்து பாக்கிறதா?" என்று சீறுவார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். கூலியைத்தான் பொறுக்க முடியாது. பழுது இருந்தால் அரைக்கூலி. பழுதில்லை என்றால் முழுக்கூலி. உலகத்தில் வேறெங்கும் இப்படி ஒரு சட்டம் கிடையாது.

"என்ன நியாயம் இது? ஒண்டுமில்ல எண்டு சொல்ல எதுக்கு முழுக்கூலி?" என்று ஊரே கேட்டது.

"பழுதெண்டு ஆரும் சொல்லலாம். பிழையாச் சொன்னாலும் ஒருத்தரும் சாகப்போறதில்ல. பழுதில்ல எண்டு சொன்னா, அதை நம்பி நீங்க படுத்து நித்திரை கொள்ளப்போறீங்க. அதுக்குத்தான் மனே காசு."

ஆகவே எங்கள் ஊரில் பனலுக்குப் பழுது இருக்க வேண்டும் என்று கோயிலில் நேர்ந்தவர்களே உண்டு. கந்தப்பர் இன்னும் ஒருபடி மேலே போனார். பரியாரியார் வருகிற அன்று பனலின் மேலே மீனைக் காயப்போட்டுக் கருவாட்டுக் களமாக்கியதோடு நில்லாமல், வயரையும் தானே பிடுங்கி வைத்துவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். பரியாரியார் வழக்கம்போலக் குந்தியிருந்தார், இறங்கினார்.

"கருவாடு பழுது. அதுக்கு அரைக்கூலி. வயர் பழுதில்ல, அது களவு. அதுக்கு முழுக்கூலி. எடும் ஒண்டரையும்."

கந்தப்பர் சாகும்வரை அந்த ஒன்றரையைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாக் கதையும் இப்படிச் சிரிக்கக்கூடியதல்ல. ஒரு வீட்டில் பகலெல்லாம் பனலைச் சாக்கால் மூடி வைத்திருந்தார்கள். மினுங்கினால் யார் கண்ணிலாவது படும், பட்டால் பற்றறியைக் கேட்டு வருவார்கள், பற்றறியோடு சண்டைக்குப் பிள்ளையையும் கேட்பார்கள் என்ற பயம். பரியாரியார் சாக்கைத் தூக்கிப் பார்த்தார், திரும்ப மூடினார். "பனலுக்குப் பழுதில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூலி வாங்காமல் போனார். அந்த ஒரு தடவைதான் அவர் இலவசமாகச் சொன்னது என்று நான் நினைத்திருந்தேன்.

இனி என் அக்காவின் கதைக்கு வருகிறேன். நானும் அக்காவும் ஒரே வளவில்தான் இருந்தோம். அவளுக்கு ஒரே பிள்ளை, தயாளன். ரியூசனுக்குப் போனவனை வழியில் வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். யார் என்று கேட்காதீர்கள். அந்த நாட்களில் கேட்டாலும் ஆபத்து, சொன்னாலும் ஆபத்து. அன்றிலிருந்து அக்கா ஒரு பல்பைக் கழற்றி வாசல் படலையடியில் ஒரு கம்பத்தில் கட்டினாள். பிள்ளை எந்த நேரத்தில் வந்தாலும் வீடு தெரிய வேண்டுமாம். விடியும்வரை அது எரியும். உள்ளே அவள் குப்பி விளக்கோடு கிடப்பாள்.

பிறகு வடக்கில் சண்டை முடிந்தது என்று ரேடியோ சொன்னது. இனி எல்லாரையும் விட்டுவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அக்கா பாயைத் துவைத்தாள், அவனுடைய உடுப்பை வெயிலில் போட்டாள். சரியாக அந்தக் கிழமை பார்த்துப் படலை லைட் சாகத் தொடங்கியது. பொழுதுபட்டுக் கொஞ்ச நேரம் மினுக்கும், பிறகு இருட்டு.

"இவ்வளவு நாளும் எரிஞ்சிட்டு, அவன் வாற நேரம் பாத்து நூருதேடா!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "போடா, பரியாரி அண்ணனைக் கூட்டிட்டு வா."

போனேன். யாருடைய வீடு என்று சொன்னதும் அவர் மாட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார்.

செருப்பு வைத்தாயிற்று, ஏணி வைத்தாயிற்று. நானும் பின்னால் ஏறினேன். பனலைப் பார்த்தவுடன் எனக்கு ஐயோ என்றிருந்தது. கண்ணாடி முழுக்கத் திருநீறு. ஒவ்வொரு காலையும் அக்கா அம்மன் கோயிலிலிருந்து கொண்டுவந்து, ஏணியில் ஏறி, லைட் எரியவேண்டும், பிள்ளை வரவேண்டும் என்று மூன்று குறி இழுத்திருக்கிறாள். சண்டை முடிந்த பிறகு அள்ளியே பூசியிருக்கிறாள். பனியில் நனைந்து, வெயிலில் காய்ந்து, அது சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி இறுகிக் கிடந்தது. வெயில் எப்படி உள்ளே போகும்?

"அக்கா, நீ..." என்று நான் வாயைத் திறந்தேன். பரியாரியார் என் வாயைப் பொத்தினார். தோளில் கிடந்த துண்டை நனைத்து, சத்தமில்லாமல், சுரண்டாமல், ஊறவைத்து ஊறவைத்துத் துடைத்தார். பிறகு குந்தினார். நிழல் செருப்பை மூடியது. இறங்கினோம்.

"என்ன அண்ணன், பழுதா?"

"பழுதில்ல, தங்கச்சி."

"அப்ப ஏன் நூந்த?"

"பற்றறி களைச்சுப் போச்சு. ஆறவிட்டிரிக்கன். இண்டைக்கு எரியும்." ஏணியை எடுத்து வைக்கிற சாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "துண்ணூறை இனிக் கம்பத்தில பூசு. கண்ணாடி வழுக்கும். கம்பத்தில நிண்டு பிடிக்கும்."

அக்கா ஆசையோடு தலையாட்டினாள். பிறகு கேட்டாள்: "அப்ப, அவன் வருவான்தானே, அண்ணன்?"

பரியாரியார் ஏணியை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். கூரையில் பனலைப் பார்ப்பதுபோல அவ்வளவு நேரம் பார்த்தார்.

"லைட் எரியும், தங்கச்சி. அதுக்கு நான் பொறுப்பு."

சொல்லிவிட்டு என்னிடம் கையை நீட்டினார். முழுக்கூலி!

தோணித்துறை வரைக்கும் அவரோடு சண்டை பிடித்தபடியே போனேன். "கந்தப்பர்ட கருவாடு பழுது, என்ட அக்காட துண்ணூறு பழுதில்லையா? அரைக்கூலிதான் வரும். பாதியைத் திருப்பித் தாங்க!"

"அவட கையாலதான் லைட் நூந்த எண்டு அவட காதில விழப்படாது, மனே."

"அது உங்கட இரக்கம். அதுக்கு நானா காசு தாற?"

அவர் சைக்கிளை நிறுத்தினார். வாவியைப் பார்த்துக்கொண்டு, பனலைப் பற்றிப் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"சுனாமி அண்டைக்குக் காலத்தால என்ட மனிசி சொன்னா, கடல் ஒரு மாதிரி இரையுது, ஒருக்காப் பாருங்க எண்டு. நான் வாசல் கடப்படியில நிண்டு எட்டிப் பாத்தன். களுவாஞ்சிக்குடிக்கு வயர் வாங்கப் போற அவசரம். ஒண்டுமில்ல புள்ள, நீ அடுப்பைப் பாரு எண்டன். அவ நம்பிட்டா. மகளுக்குத் தலை சீவி இழுத்துட்டு இரிந்தா." குடையைக் கக்கத்தில் இறுக்கினார். "சும்மா சொன்னன், மனே. ஒரு சதம் வாங்காமச் சொன்னன்."

நான் பாதியைத் திரும்பக் கேட்கவில்லை.

அன்று லைட் விடியும்வரை எரிந்தது. தயாளன் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. பரியாரியார் மட்டும் கூப்பிடாமலே மாதாமாதம் வந்தார், செருப்பை வைத்தார், குந்தினார், பழுதில்லை என்றார், முழுக்கூலி வாங்கினார். நான் முணுமுணுப்பேன். அக்கா ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. அவளிடம் வந்து பழுதில்லை என்று சொல்ல அந்த ஊரில் வேறு யார் இருந்தார்கள்?

படுவான்கரைக்கும் மின்சாரம் வந்தது. அக்கா படலை லைட்டை மட்டும் மாற்ற விடவில்லை. பரியாரியார் வருவது நின்று இரண்டு மாதமான பிறகு தேடிப் போனேன். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். பாதி ஆளாகியிருந்தார். தலைமாட்டில் குடை.

"அக்காட லைட்?"

"எரியுது, அண்ணன்."

"டொக்டர்மார் கதைக்கிற இங்கிலீசு. எனக்கு விளங்கல்ல. நீ பாத்துச் சொல்லு, மனே. எனக்குப் பழுதா?"

டொக்டர் வெளியே வைத்து என்னிடம் தமிழில்தான் சொல்லியிருந்தார். ஜன்னல் வழியே வந்த வெயில் தரையில் கிடந்தது. அதன் ஓரத்தில் ஒரு செருப்பைக் கழற்றி வைத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு அவரையே பார்த்தேன். நர்ஸ் வந்து, இதென்ன நடுவில் செருப்பு என்று கேட்டாள். "வேலை நடக்குது, மிஸ்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

நிழல் வந்து செருப்பை மூடியது.

"பழுதில்ல, அண்ணன்."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். வாயோரம் சிரிப்பு வந்தது. "அப்ப முழுக்கூலி கேப்பாய்."

"கேப்பன்தான்," என்றேன். "எழும்பி வந்து தாங்க."