தாழ்ப்பாள் தின்ற மன்னிப்பு

மெப்பல்
செவ்வாய்க்கிழமை, வெளியே மழை

என் ஒரே தங்கை ஹில்லிக்கு, உன் ஒரே அக்கா ரூலி அன்போடு எழுதிக்கொள்வது. இங்கே என் வலது முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே ஸ்வோலேயில் நீயும், உன் ஜன்னலோரப் பூச்செடிகளும், உன் மூத்தவள் பிறந்தபோது என்னிடமிருந்து எடுத்துப்போன என் அப்பச் சட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சட்டியைப் பற்றி இன்றைக்குப் பேசப் போவதில்லை. இன்றைக்கு உன்னிடம் எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டும்.

சனிக்கிழமை என் புருஷன் லம்மர்ட்டுக்கு எழுபத்தைந்து வயது. வழக்கம்போல நாற்காலிகளை வட்டமாகப் போடுவோம், வந்தவர்கள் எல்லோரும் எல்லோருக்கும் கை கொடுத்து வாழ்த்துச் சொல்வார்கள், இரண்டாவது காபி வந்ததும் அவர் தொண்டையைச் செருமுவார். அப்புறம் என்ன வரும் என்று உனக்கே தெரியும். வாய்க்கால் கதை. பெர்த்தா அத்தை போய்ச் சேர்ந்த வருஷத்துக் கோடை, ஃப்ரீஸ்லாந்து முகாம் திடல், லம்மர்ட் காரில் உட்கார்ந்து, காருக்குப் பின்னால் கோத்த சக்கர வீடான கேரவனைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வருகிறார், நான் பின்னால் நின்று கை காட்டுகிறேன், திடல் மொத்தமும் காபிக் கோப்பையோடு வெளியே வந்து வேடிக்கை பார்க்கிறது, நீ மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு முன்வரிசை. நான் காட்டியது ‘நில்’. இரண்டு கையும் தலைக்கு மேலே, விரலெல்லாம் விரித்து. கேரவன் நிற்கவில்லை. நான் துள்ளி ஒதுங்கியதால் பிழைத்தேன், அது என்னைக் கடந்து போய் வாய்க்காலில் பின்பக்கத்தை இறக்கி வாத்து மாதிரி உட்கார்ந்துகொண்டது, உள்ளே நான் காலையிலிருந்து செய்து வைத்த உருளைக்கிழங்கு சாலட். அன்றிலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும், “அவதான் வா, வான்னு கையாட்டினா, நானும் போனேன். பொண்டாட்டி பேச்சைக் கேட்டா நேரா வாய்க்கால்தான்!” என்பார், வட்டம் முழுக்கச் சிரிக்கும். நாற்பது வருஷமாகச் சிரிக்கிறது. அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் இன்றும் வாயும் நினைவும் சரியாக இருக்கிற சாட்சி நீ ஒருத்திதான். கேட்டால், “நான் அப்ப வேற பக்கம் பாத்துட்டிருந்தேன்க்கா” என்கிறாய்.

ஹில்லி, இந்தத் தடவை நீ எழுந்து நிற்கவேண்டும். “அக்கா காட்டினது நில்லுன்னுதான், நான் பாத்தேன்” என்று சொன்னால் போதும். காபிக்கு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு டப்பாவை மூடுகிற வீட்டில் பிறந்தவர்கள் நாம். உனக்கு இரண்டு. டப்பாவைத் திறந்தபடியே உன் பக்கம் நீட்டுவேன், எல்லோரும் பார்க்கட்டும்.

நாற்பது வருஷம் பொறுத்தவளுக்கு இப்போது என்ன அவசரம் என்பாய். சொல்கிறேன். போன மாதம் லம்மர்ட் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அது என் காதில் விழவில்லை. காரணம், இந்தக் கேரவன்.

புதுக் கேரவனை நீ வெளியேதானே பார்த்தாய். உள்ளே வந்து ஒரு நாள் இருந்து பார். இதை வரைந்த மனிதன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் நேரில் போய்க் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவேன். நான் ஆறாவதோடு பள்ளியை விட்டுப் பால் கறக்கப் போனவள், ஆனாலும் சொல்கிறேன், சாதாரண மூளைக்கு இது வராது. துணி அலமாரிக் கதவைத் திறந்தால் கழிப்பறைக் கதவு திறக்காது, கழிப்பறையில் இருக்கும்போது எவராவது சட்டை எடுக்க வந்தால் அவர் சட்டை மாட்டி முடிக்கும்வரை உள்ளே காத்திருக்க வேண்டும். குளிக்கிற தண்ணீர் எங்கெல்லாம் தெறிக்கிறது என்று அளந்து பார்த்து, சரியாக அந்த இடத்தில் கழிப்பறைக் காகிதச் சுருளை மாட்டியிருக்கிறான். படுக்கை விளக்கின் சுவிட்ச் படுக்கையிலிருந்து கை எட்டாத ஒரே சுவரில். மேசைக்கு ஒற்றைக்கால், முழங்கையை ஊன்றினால் மண்டியிட்டு வணங்கும். வண்டி ஒரு விரலளவு சாய்ந்து நின்றாலும் குளிர்பெட்டிக்குக் கோபம் வந்து பாலைத் திரித்துவிடும், அதனால் போகிற ஊரிலெல்லாம் முதல் சண்டை மட்டப்பலகையோடு தொடங்கும். இருக்கை மெத்தைகளைச் சேர்த்தால் படுக்கை, அவை ஒரே ஒரு விதத்தில்தான் பொருந்தும், அந்த விதம் அவனுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும். தலைக்கு மேலே அலமாரிகள், லம்மர்ட்டின் வழுக்கை உயரம் எவ்வளவோ அவ்வளவு உயரத்தில். அவர் என்ன இவனிடம் போய் அளவு கொடுத்துவிட்டா வந்தார்? இப்படி ஒரு இடம் தவறாமல் ஒவ்வொன்றையும் தப்பாக வைக்க எத்தனை கவனம் வேண்டும், யோசித்துப் பார். நான் இரவில் படுத்தபடி (விளக்கை அணைக்க முடியாமல்) வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மகுடம் கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள். ஓடும்போது கதவு அடித்துக்கொள்ளக்கூடாது என்று அதை வெளிப்பக்கம் வைத்திருக்கிறான்.

போன மாதம் ஃப்ரீஸ்லாந்திலிருந்து புறப்படுகிற அன்று நானும் அவரும் பேசிக்கொள்ளவில்லை. புறப்படும் நாளில் பேசிக்கொள்கிற கேரவன் தம்பதியை நான் பார்த்ததுமில்லை. கோபமென்றால் நான் முன்னால் உட்காரமாட்டேன், காரின் பின் இருக்கையில் போர்வை மூட்டைக்கு ஓரமாக உட்காருவேன், அது அவருக்குத் தெரியும். என் நீலநிற மழைக்கோட்டை அந்த மூட்டைமேல் போட்டுவிட்டுக் கடைசியாக ஒரு தடவை கேரவன் கழிப்பறைக்குப் போனேன். அவர் வந்தார், காஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்தார், ஒவ்வொரு அலமாரியாக அழுத்திப் பார்த்தார், டக்கென்று தாழ்ப்பாளைப் போட்டார். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். ஆனால் பேசுவதில்லை என்று இருக்கிறவள் முதலில் வாயைத் திறப்பதா? நான் யோசித்து முடிப்பதற்குள் கார் கிளம்பிவிட்டது.

முதலில் கத்தினேன். பிறகு கூரையில் இருக்கிற சாப்பாட்டுத் தட்டளவு ஜன்னலைத் தூக்கி, கழிப்பறை இருக்கையின் மூடிமேல் ஏறி நின்று, கையை வெளியே விட்டு ஆட்டினேன். எதிரே வந்த கேரவன்காரர்களெல்லாம் சந்தோஷமாகப் பதிலுக்குக் கை ஆட்டிக்கொண்டு போனார்கள். சாலையில் கேரவனைக் கண்டால் கேரவன் கை ஆட்டவேண்டும் என்ற மரியாதையில் நாம் வளர்ந்தவர்கள், என்ன செய்ய. ஒரு கிழவர் தொப்பியையே கழற்றினார்.

கை ஓய்ந்தபின் கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு நின்றேன். ஹில்லி, இதைக் கேட்டுச் சிரிக்காதே. ஐம்பது வருஷமாக அந்தச் சாலையில் போகிறேன், வரைபடத்தையும் லம்மர்ட்டின் காதையும் தவிர எதையும் பார்த்ததில்லை. அன்றைக்கு வானத்தைப் பார்த்தேன். இருபக்கத்து மரங்களும் என் தலைக்கு மேலே கைகோத்துக்கொண்டு ஓடின. காட்டு வாத்துகள் எங்களோடு போட்டி போட்டுப் பறந்தன. ஓரிடத்தில் தூக்குப்பாலத்துக்காக நின்றோம், நாங்கள்தான் முதல் வண்டி. சாலை தன் பாட்டுக்கு எழுந்து வானத்தில் செங்குத்தாக நின்றது, வெள்ளைக் கோடுகளோடு, விளக்குக் கம்பத்தோடு. அதன் பக்கத்தில் பழுப்புப் பாய் விரித்த ஒரு கப்பல், தண்ணீரே கண்ணுக்குத் தெரியாமல், புல்வெளிமேல் நடந்து போகிற மாதிரி போனது. எனக்குக் கோபம் மறந்துவிட்டது. எதற்குக் கத்தினேன் என்பதும் மறந்துவிட்டது. கழிப்பறைமேல் நின்றுகொண்டு, தேவாலயத்தில்கூட வராத ஒரு அடக்கம் எனக்கு வந்தது.

அணைக்கரையில் எப்போதும் காபி குடிக்கிற இடத்தில் வண்டி நின்றது. லம்மர்ட்டின் குரல் கேட்டது. “சரி, மன்னிக்க வேணாம். காபியாவது குடி.” பிறகு காரின் பின்கதவைத் திறக்கிற சத்தம். அப்புறம், “ரூலி! ஐயோ, ரூலி!” ஓடிவந்து கேரவனைத் திறந்து, தாழ்ப்பாளை விலக்கினார். முகம் சுண்ணாம்பு மாதிரி.

“எங்க போனே?”

“எங்க போறது? நீ பூட்டி வெச்ச இடத்துலதான் இருந்தேன்.”

“அப்போ நான் சொன்னதெல்லாம்?”

“என்ன சொன்னே?”

“வாய்க்கால் விஷயம். எல்லாத்தையும் சொல்லிட்டேனே. மன்னிப்பும் கேட்டுட்டேன்.”

“யார்கிட்ட?”

இரண்டு பேரும் திரும்பிக் கார் ஜன்னல் வழியாக அந்த மூட்டையைப் பார்த்தோம். என் கோட்டைப் போட்டுக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

“இப்ப என்கிட்ட சொல்லு.”

“ஒரு தடவைதான் சொல்வேன். சொன்னது சொன்னதுதான்.”

அவ்வளவுதான், வாயைத் தைத்துக்கொண்டார். நாற்பது வருஷம் நான் காத்திருந்த வார்த்தையை ஒரு போர்வை வாங்கிக்கொண்டது. அதைத் துவைக்க இன்னும் எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே தங்கையே, எனக்கு இருக்கிற ஒரே வழி நீ. சனிக்கிழமையோடு கேரவன் வாழ்க்கைக்கும் முழுக்குப் போடுகிறேன், இனி அதில் காலை வைக்கமாட்டேன். இந்தக் கடிதத்தைக்கூட அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், தலைக்குப் பயந்து லம்மர்ட் வராத இடம் இது ஒன்றுதான். உன் கை கால் வலியெல்லாம் இறங்கட்டும், பேரப்பிள்ளைகள் உன் சொல் கேட்கட்டும், உன் செடிகளில் பூச்சி விழாமல் இருக்கட்டும். அப்பச் சட்டியை நீயே வைத்துக்கொள், மனதாரக் கொடுத்தேன்.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும் அக்கா,
ரூலி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது லம்மர்ட் காபியோடு உள்ளே வந்தார். வந்த வேகத்தில் அலமாரியில் மண்டையை இடித்து, தடுமாறி மேசையில் முழங்கையை ஊன்ற, மேசை மண்டியிட, காபியோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஈரத்துணியைத் தலையில் வைத்துப் பிடித்திருந்தேன், கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் காட்டியது ‘நில்’. அவர் பார்க்கவில்லை. தாழ்ப்பாள் பறித்ததை அலமாரி திருப்பிக் கொடுத்துவிட்டது, அதை வரைந்தவன் மகான், வருகிற வாரமே கேரவனை எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம். ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். மடக்கு நாற்காலியிலிருந்து ஒருத்தி, “மாமா, அங்க பாருங்க, கம்பத்து மேல செங்கால் நாரை!” என்று கத்தினாளாம். வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாயா, ஹில்லி? நாற்பது வருஷம் என் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே! சனிக்கிழமை பத்து மணிக்குக் காபி. என் அப்பச் சட்டியோடு வா. பிஸ்கட் கிடையாது. வட்டத்துக்கு நடுவே உன் நாற்காலியைப் போட்டுவைப்பேன், அதில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று சொல்: அந்த நாரை அவ்வளவு அழகாகவா இருந்தது?