ஜயசேனவுக்குப் பச்சை விழவில்லை

பலப்பிட்டி

அன்புள்ள மருமகன் ருவிந்துவுக்கு,

மாமா குணபால எழுதுவது. புத்தர் முதலான மும்மணிகளின் காவலால் நானும் உன் மாமியும் சுகம். கொழும்பில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என நம்புகிறேன்.

நிற்க. சாவு வீடுகளுக்குப் பந்தலும் நாற்காலியும் கொடுக்கும் எங்கள் மரணாதாரச் சங்கத்துக்கு நீ எழுதித் தந்த செயலியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. போன வாரம் ஜயசேனவின் தாயார் காலமானார். பந்தலும் நாற்காலியும் எடுக்க வந்த ஜயசேனவின் பெயரைக் களஞ்சியக்காரர் அபேசிங்க போனில் அந்தச் செயலியில் அடித்தார். அங்கத்தவர் என்றால் பச்சை விளக்கு விழும்; அப்படி ஓர் அங்கத்தவர் இல்லை என்றது. பட்டியலைத் திறந்தால் பெயர் பளிச்சென்று நிற்கிறது. "இந்தா கிடக்குதே என்ர பேர்! உனக்குக் கண் தெரியேல்லையா?" என்று ஜயசேன கத்த, "எனக்குத் தெரியுது, போனுக்குத் தெரியேல்லையே. பச்சை விழாமல் ஒரு கதிரையும் வெளிய போகாது" என்று அபேசிங்க பூட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். பிக்குமார் வெயிலில் நின்றபடியே ஓதிவிட்டுப் போனார்கள். செயலாளர் என்ற முறையில் எனக்கு வெட்கமாக இருந்தது.

உன்னைக் கூப்பிட்டேன். "வாட்ஸ்அப்பில வந்த பேரை வெட்டி ஒட்டியிருக்கிறியள் மாமா. பேரின்ர வால்ல கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒண்டு சேர்ந்து வந்திருக்கு. எல்லாப் பேரிலயும் துடைச்சு விடுறன்" என்றாய். துடைத்தும் விட்டாய். ஜயசேனவுக்குப் பச்சை விழுந்தது, தாயாரை அடக்கம் செய்த பிறகு. ஆனால் நம் சிங்களத்தில் 'ப்ர', 'ஸ்ரீ' என்று இரண்டு எழுத்தைச் சேர்த்துக் கட்டுவதும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுதானாமே? அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டாய். இப்போது சந்திரா, பிரியந்த, ஸ்ரீயானி என்று பாதிச் சங்கத்தின் பெயர் உடைந்து கிடக்கிறது. சரியாக அடித்தால் ஆளே இல்லை என்கிறது. சந்திரா அக்கா வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "தம்பி, எனக்கு ரத்தத்தில சீனி கூடின வருத்தம். நீங்கள் என்ர பேரை ஒட்டி முடிக்குமட்டும் நான் சாகாமல் இருக்கோணுமோ?" என்றார்.

வருகிற ஞாயிறு பொதுக்கூட்டம். செயலாளர் பதவிக்கு எனக்கு எதிராகப் பிரேமதிலக நிற்கிறார். நாற்காலி விஷயத்தை வைத்தே என்னைக் கவிழ்த்துவிடுவார். ஆகவே ஞாயிறுக்கு முன் எல்லாப் பெயரையும் பழையபடி ஒட்டிக் கொடு. வாலில் இருப்பதை மட்டும் வெட்டு. நடுவில் கை வைக்காதே. மனிதர் சாகிற காரியம், விளையாட்டில்லை.

உன் அம்மாவிடம் என் அன்பைச் சொல். நோய்நொடியின்றி நீ நீடு வாழ்க.

இப்படிக்கு,
மாமா குணபால
செயலாளர்

பி.கு.: இப்போதுதான் அபேசிங்க வந்து போனார். வேட்புமனுவுக்குப் பிரேமதிலகவின் பெயரை அடித்தாராம். அப்படி ஓர் அங்கத்தவர் இல்லையாம். முதல் எழுத்திலேயே உடைந்திருக்கிறது. என் பெயரை அடித்துப் பார்த்தோம், உடனே பச்சை விழுந்தது. அவசரமில்லை மகன், திங்கட்கிழமை ஆறுதலாகப் பார். அதுவரை சந்திரா அக்காவின் சீனியை நான் பார்த்துக்கொள்கிறேன்.