ராஜாக்கள் கேக்கில் மூன்று பொம்மைகள்

"அடியே, பொம்மையைப் போட்டேனா, போடலையா? சொல்லித் தொலைடி!" என்று போனில் அலறினாள் எல்வீரா.

"நீ அங்க பிசையுற. நான் மெக்சிகோவுல உக்காந்துக்கிட்டு எப்படிக்கா சொல்றது?" என்றாள் தங்கை நியேவெஸ்.

குழந்தை ஏசுவைக் காண வந்த மூன்று ராஜாக்களின் ஜனவரி ஆறாம் தேதித் திருநாளுக்கான வளையக் கேக் அது. உள்ளே விரல்நுனி அளவில் குழந்தை ஏசு பொம்மை ஒளிந்திருக்கும். யார் துண்டில் அது அகப்படுகிறதோ, அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லோரையும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வைத்தாக வேண்டும். அந்த வழக்கத்தை நம்பித்தான் எல்வீரா மாவில் கை வைத்திருந்தாள். வேலை கிடைத்து பராகுவேக்கு வந்து இரண்டு வருஷம். மாடிப்படியில் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், வெயிலைத் திட்டுவார்கள். "வீட்டுக்கு வாங்க" என்று ஒருவர் வாயிலிருந்தும் வந்ததில்லை. பொம்மை அகப்பட்டால் கூப்பிட்டுத்தானே தீர வேண்டும்?

"மூடி வச்சிட்டுக் குளிச்சிட்டு வா, மாவு உப்பியிருக்கும்" என்றிருந்தாள் தங்கை. பராகுவேயில் ஜனவரிதான் உச்சிக் கோடை; அசுன்சியோன் நகரத்து வெயில் அவளுக்கு எங்கே தெரியும்? எல்வீரா தலை துவட்டி வருவதற்குள் மாவு பாத்திரத்தை விட்டு இறங்கி மேடையில் நடை போட்டுக்கொண்டிருந்தது.

அள்ளி உள்ளே போட்டாள். விரலை விட்டுத் துழாவினாள். பொம்மை தட்டுப்படவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வளையமாக உருட்டும்போது இன்னொன்றைச் செருகினாள்.

"ரெண்டும் உன் துண்டுலயே வந்துட்டா?" என்றாள் போனில் தங்கை.

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று எரிந்து விழுந்தவள், எதிர்ப்பக்கத்தில் மூன்றாவதையும் செருகினாள். பொம்மைப் பொட்டலம் காலி.

அடுப்பில் வளையம் ஊதிப் பெருத்து நான்காகப் பிளந்துகொண்டது. ஒரு பிளவில் குட்டிக் கால் ஒன்று எட்டிப் பார்த்தது. அதைக் கரண்டியால் உள்ளே தள்ளி, பிளவுகளில் கொய்யாப்பழப் பாகை அப்பினாள். பிறகு ஊசியால் குத்திப் பார்த்தாள். மூன்று பாகங்களில் ஊசி தட்டியது. நான்காவதில் வெறும் மாவு. அதன் மேல் ஓர் அத்திப்பழத்தை வைத்துத் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டாள்.

மாலையில் எதிர்வீட்டு ரிகோபெர்த்தோவும் அவர் மனைவி தெயோலிண்டாவும் வந்தார்கள். கூடவே கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் செனோன், வாயில் விரலை விட்டாலும் பேசாத மனிதர்.

எல்வீரா வழக்கத்தைச் சொன்னாள்.

"அப்போ பொம்மை வந்தா எங்க வீட்டுலதான் விருந்தா?" என்று கேட்டு தெயோலிண்டா புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"கட்டாயம்!"

மூவர் முகமும் வாடியது. எல்வீரா கேக்கை நான்காக வெட்டி மூவருக்கும் கொடுத்து, அத்திப்பழத் துண்டைத் தன் தட்டில் வைத்தாள். ஐஸ் தண்ணீர் எடுக்க உள்ளே போய்விட்டு வந்தாள். மூன்று தட்டுகளும் காலி.

"பொம்மை?"

"ஒண்ணும் காணோமேம்மா" என்றாள் தெயோலிண்டா. செனோன் தலையை மட்டும் ஆட்டினார். ரிகோபெர்த்தோ இருமினார்.

"ஐயோ, முழுங்கிட்டீங்களா? வண்டியக் கூப்பிடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்!"

"அட, சீனி தொண்டையில ஒட்டிக்கிச்சும்மா!"

எல்வீரா தளர்ந்து உட்கார்ந்து தன் துண்டைக் கடித்தாள். கடக். ஒரு பொம்மை. மறுபடி கடக். மூன்றாவது தானாகவே மடியில் விழுந்தது.

"ஊசி வச்சுக் குத்திப் பாத்தேனே, இதுல ஒண்ணுமே இல்லியே!" என்று உளறிவிட்டாள். அழுகை வந்துவிட்டது. "உங்கள்ல யாராச்சும் ஒருத்தர் என்னைக் கூப்பிடுவீங்கன்னு ஆசைப்பட்டேன்..."

தெயோலிண்டா மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்களுமா?"

"நான் மட்டும்தான் உங்க துண்டுல சொருகினேன்னு நெனச்சேன்" என்றார் செனோன். "ரெண்டு வருஷமா உங்க கதவு எப்பத் தொறக்கும்னு காத்துட்டிருந்தோம், விருந்து எங்க வீட்டுலன்னு ஆகி, நீங்க மறுபடி சாத்திட்டீங்கன்னா?"