இரண்டு ரூபாய்ப் பங்கு

அரியநாயகம் மூன்றாவது தடவையாக ஐஸ் கம்பனிக்குப் போனபோது, பங்கின் விலை மூன்று ரூபாயாகியிருந்தது.

"நேற்று ரண்டெண்டெல்லோ சொன்னனீர்?"

"நீங்கள் திரும்பத் திரும்ப வாறதைச் சனம் பாக்குது, ஐயா," என்றார் கிளாக்கர் எமிலியானுஸ்.

ஊர்காவற்றுறையில் மீனுக்கு ஐஸ் செய்கிற கம்பனி அது. பத்து ரூபாய்க்கு விற்ற பங்கு நாலு வருஷமாக ஒரு சதம் இலாபம் தரவில்லை. மிசின் மூன்று நாள் ஓடினால் நாலு நாள் படுத்துவிடும். ஆனால் கொழும்பிலிருந்து புது மிசின் வரப்போவதாக ஒரு கதை அடிபட்டது. வந்தால் பங்கு இருபதுக்குப் போகுமாம். கரம்பொன்னில் பென்ஷனோடு சும்மா இருந்த போஸ்ட்மாஸ்டர் அரியநாயகத்துக்கு அன்று முதல் இருப்புக் கொள்ளவில்லை.

ஆனாலும் பாராமல் வாங்குகிற ஆள் அல்ல அவர். மனைவி அன்னபூரணத்திடம் கண் வைத்தியரிடம் போவதாகச் சொல்லிவிட்டு, துறைமுகத்தில் நின்று மீன்பெட்டிகளை எண்ணினார். மிசின் அறைச் சுவரில் காதை வைத்துக் கேட்டார். ஐஸ் கட்டியைத் தடவிப் பார்த்தார்.

இதையெல்லாம் கடைத்தெரு பார்த்துக்கொண்டிருந்தது. விவரமில்லாமல் ஒரு போஸ்ட்மாஸ்டர் சுவரில் காதை வைப்பாரா?

விலையைக் குறைக்க அவரே ஒரு வழி கண்டார். தேத்தண்ணிக் கடையில் இருந்து, அது உருப்படாத கம்பனி என்று உரக்கச் சொன்னார். மலிவாக அள்ளப் பார்க்கிறார் என்று சனம் முடிவு கட்டியது. விலை ஐந்தாயிற்று.

பிறகு தன்னை ஒளித்துக்கொண்டு, காரைநகரிலிருந்து மைத்துனர் மார்க்கண்டுவை அனுப்பி விலை கேட்கவைத்தார். காரைநகர் முதலாளிமாரும் இறங்கிவிட்டார்கள் என்று கதை பரவியது. விலை எட்டு.

அரியநாயகத்துக்கு இரண்டு ரூபாயில் சந்தேகமாக இருந்த கம்பனி, எட்டு ரூபாயில் நல்ல நம்பிக்கையாகத் தெரிந்தது. இத்தனை பேர் கேட்கிறார்கள் என்றால் சும்மாவா? வீட்டு ஓடு மாற்ற வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்.

ஒரே ஆளிடம் இருநூறு பங்கு விலைக்கு இருப்பதாக எமிலியானுஸ் சொன்னார். தான் வாங்குவது தன் வீட்டுக்குத் தெரியக்கூடாது என்றார் அரியநாயகம். விற்கிறவரும் அப்படித்தான் கேட்டிருக்கிறார் என்று எமிலியானுஸ் தலையாட்டினார்.

ஆயிரத்து அறுநூறு ரூபாய் கைமாறியது. கையெழுத்து வைத்து முடித்ததும் அரியநாயகத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருபதுக்குப் போகிற பங்கை எட்டுக்குத் தந்த அந்த மடையன் யார் என்று அறியாமல் வீட்டுக்குப் போக ஏலாது போலிருந்தது.

"இனி என்ன, ஆரெண்டு சொல்லுமன்."

எமிலியானுஸ் காசைப் பத்திரமாக ஒரு கடித உறைக்குள் வைத்து ஒட்டினார்.

"உங்கட வீட்டு அன்னபூரணம் அக்காதான், ஐயா. தகப்பன் குடுத்த பங்காம். ஆரோ ஒரு விசரன் துறைமுகமெல்லாம் திரிஞ்சு விலையை ஏத்திறானாம், அவனுக்குத் தெளியமுன்னம் வித்துத் தாரும் எண்டு சொன்னவ."