பரண் மேல் சர்வர்

ஏணியின் உச்சிப் படியில் நின்று, தலையைப் பரணுக்குள் விட்டு, செந்தில்முருகன் அந்தச் சின்னப் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எரியவில்லை. பக்கத்தில் இருந்த சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. சிவப்பு எரிந்தால் கரண்ட் வருகிறது என்று அர்த்தம். பச்சை எரிந்தால்தான் வேலை நடக்கிறது என்று அர்த்தம். பல ஆபீஸ்களில் உள்ள நிலைமைதான்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி முருகேஸ்வரி, “எந்திரிச்சிட்டா?” என்று கேட்டாள்.

“இல்லளா.”

“நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தா ஃபேனு சுத்துமா, சுத்தாதா? அத மட்டும் சொல்லுங்க.”

செந்தில்முருகன் தலையை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார்.

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் அவருக்கு வேலை. கப்பலேறும் உப்புக்கும் கருவாட்டுக்கும் காகிதம் தயார் செய்வார். ஆபீஸ் பிரிண்டரில் தாள் சிக்கிக்கொண்டால் எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் போய்ப் பதமாக உருவி எடுத்துவிடுவார். அந்தத் திறமையை அவர் கொஞ்சம் கூடுதலாக மதிப்பிட்டுவிட்டார். வந்த வினையெல்லாம் அதிலிருந்துதான்.

செல்போன் வீடியோவில் ஒரு பையன் சீட்டுக்கட்டு அளவில் ஒரு போர்டைக் காட்டி, இதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான், இதை வைத்து வீட்டுக்கே ஒரு சர்வர் போடலாம், அப்புறம் நாம் பேசினால் விளக்கு எரியும் என்றான். செந்தில்முருகன் வாங்கினார். போட்டார். ஒருநாள் சாயங்காலம் ஹாலில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, “லைட்டைப் போடு” என்றார். எரிந்தது. “அணை” என்றார். அணைந்தது. வோல்டேஜ் கோளாறா என்று பக்கத்து வீட்டார் வந்து கேட்கும்வரை போட்டு அணைத்துக்கொண்டே இருந்தார்.

அந்தச் சந்தோஷத்தில் அவர் இரண்டு காரியங்கள் செய்தார். முதலாவது, எலக்ட்ரீஷியனை வரவழைத்து ஹாலில் இருந்த சுவிட்சுகளையெல்லாம் கழற்றி, அந்த இடத்தில் சிமெண்ட் பூசி, பெயிண்டும் அடித்துவிட்டார். ஒரே ஒரு சுவிட்சையாவது விட்டுவையுங்கள் என்று முருகேஸ்வரி கெஞ்சிப் பார்த்தாள். சர்வர் இருக்கிற வீட்டில் சுவிட்ச் இருந்தால் கேவலம் என்றுவிட்டார்.

இரண்டாவது, ஏரலுக்குப் போன் போட்டார்.

ஏரலில் இருந்தவர் பிச்சையா. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர். அவருடைய மகன் சிவப்பிரகாஷும் செந்தில்முருகனின் மகள் இந்துமதியும் பெங்களூரில் ஒரே இடத்தில் வேலை பார்த்து, ஒருவரை ஒருவர் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தார்கள். நிச்சயத்துக்கு நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்கு ஞாயிற்றுக்கிழமை பிச்சையா குடும்பத்தோடு சாப்பிட வருவதாக ஏற்பாடு. இந்துமதி அப்பாவிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. “அப்பா, அவங்க எளிமையான ஆளுக. நீங்க பெருமை மட்டும் பேசாதீங்க.”

செந்தில்முருகன் பெருமை பேசவில்லை. தகவல் சொன்னார்.

“நம்ம வீட்டுல சர்வர் வச்சிருக்கேன், சம்பந்தி.”

“சர்வரா? வீட்டுலயா?” பிச்சையா அசந்துபோனார். “எங்க கடையிலயே ஒரு சர்வர் ஒழுங்கா அமைய மாட்டேங்குது.”

பில் போடுகிற கம்ப்யூட்டரைச் சொல்கிறார் என்று செந்தில்முருகன் புரிந்துகொண்டார்.

“இது அப்படி இல்ல. நாம இருந்த இடத்த விட்டு எந்திரிக்கவே வேண்டாம். வாயால சொன்னாப் போதும். லைட்டு, ஃபேனு, வாசக் கதவு, எல்லாத்தையும் பாத்துக்கிடும். ராத்திரி பகல் கிடையாது. தூக்கமே கிடையாது.”

“பெருசா, சின்னதா?”

“சின்னதுதான். சின்னதுதான் சொன்ன பேச்சக் கேக்கும்.”

பிச்சையாவின் குரல் தணிந்தது. “மாசம் என்ன குடுக்கீய?”

“ஒண்ணும் கிடையாது. வாங்கும்போது குடுத்ததோட சரி.”

“வாங்கும்போது,” என்றார் பிச்சையா. பிறகு, “எங்கன வச்சிருக்கீய?” என்று கேட்டார்.

“பரண் மேல. கீழ கெடந்தா கால்ல மிதிபடும்.”

அதற்குப் பிறகு பிச்சையா பேசிய போன்களில் ‘சம்பந்தி’ போய் ‘சார்’ வந்துவிட்டது. தன் மேல் மரியாதை கூடிவிட்டது என்று செந்தில்முருகன் பூரித்துப்போனார்.

பூரிப்பு நிலைக்கவில்லை. புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றிக்கொள்ளட்டுமா என்று சர்வர் கேட்டது. நன்றாக ஓடுகிற ஒன்றை அப்படியே விட்டுவிட அவர் கைக்குத் தெரியவில்லை. சரி என்று அமுக்கினார். அதோடு பச்சை விளக்கு போயிற்று.

சார்ஜர் பலம் போதாமல் இருக்கலாம் என்று வீடியோவின் கீழே யாரோ எழுதியிருந்தார்கள். முருகேஸ்வரியின் போன் சார்ஜரை எடுத்துச் சொருகினார். சர்வருக்கு உயிர் வரவில்லை. முருகேஸ்வரியின் போன் செத்தது. அம்மா போன் எடுக்கவில்லையே என்று இந்துமதி பதறிப்போய், பக்கத்து வீட்டாரைக் கூப்பிட, அவர்கள் கதவைத் தட்டி விசாரித்துவிட்டுப் போனார்கள்.

இப்போது சனிக்கிழமை. செந்தில்முருகன் போர்டைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து வெளிச்சத்தில் பார்த்தார். கம்பி முனைகளில் பச்சையாகப் பூத்திருந்தது. இந்த ஊரில் அது ஆச்சரியமில்லை. கடல் காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும், சைக்கிளைத் தின்னும், கேட்டையும் தின்னும். போர்டை மட்டும் விட்டுவைக்குமா? பித்தளையில் பச்சை பூத்தால் வீட்டில் என்ன செய்வார்களோ, அதையே அவரும் செய்தார்.

“புளியா?” என்றாள் முருகேஸ்வரி. “அது என்ன குத்துவிளக்கா?”

அவர் காதில் வாங்கவில்லை. புளி போட்டுத் தேய்த்து, தண்ணீரில் அலசி, மாடியில் மிளகாய் வற்றலுக்குப் பக்கத்தில் காயப்போட்டார். காய்ந்ததும், மெமரி கார்டை அழித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றினார். அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசை மேல் அந்தப் பச்சை விளக்கு கண் சிமிட்டியது. “ஃபேனைப் போடு” என்றார். சுற்றியது. செந்தில்முருகனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. மறுபடியும் உப்புக் காற்று பட்டால் என்ன ஆகும் என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது. முருகேஸ்வரியின் கல்யாணப் புடவைகள் இருந்த பழைய டிரங்குப் பெட்டியைக் காலி செய்தார். மூடியைச் சுற்றிச் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினார். மூலையில் ஓட்டை போட்டு வயரை உள்ளே விட்டு, அந்த ஓட்டையையும் பசை வைத்து அடைத்தார். சர்வரை உள்ளே வைத்து, மூடியை அமுக்கிப் பூட்டி, பரண் மேல் ஏற்றிவிட்டுப் படுத்தார்.

ஞாயிறு காலை, “ஃபேனைப் போடு” என்றார். ஒன்றும் நடக்கவில்லை. கெஞ்சுகிற குரலிலும் சொல்லிப் பார்த்தார். தகரப் பெட்டிக்குள் வைஃபை போகாது என்று வீடியோக்காரப் பையன் எங்கேயும் சொல்லவில்லை.

மறுபடி ஏணியை எடுப்பதற்குள் வாசலில் கார் நின்றது. பிச்சையாவும் அவர் மனைவி செண்பகமும் இறங்கினார்கள். கூடவே கண்ணாடி போட்ட ஒல்லியான ஒருவரும் இறங்கினார். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறை, பெயர் தேவதாசன் என்று பிச்சையா அறிமுகம் செய்தார். தேவதாசன் வணக்கம் சொன்னதோடு சரி. வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

மே மாத வெயில். ஃபேன் சுற்றவில்லை. போட்டு விடலாம் என்றால் சுவரில் சுவிட்ச் இல்லை. புதுப் பெயிண்ட்தான் இருந்தது. முருகேஸ்வரி எங்கிருந்தோ பனையோலை விசிறிகளைத் தேடி எடுத்துவந்து ஆளுக்கொன்று கொடுத்தாள். பேசினால் எல்லாம் நடக்கிற வீட்டில் விருந்தாளிகள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் செந்தில்முருகனுக்கு உடம்பு கூசியது.

செண்பகம்தான் முதலில் கேட்டாள். “அது எங்க?”

“பரண்ல இருக்கு, மதினி. இன்னைக்கு என்னமோ எந்திரிக்க மாட்டேங்குது.”

“மேலுக்குச் சரியில்லையா? காய்ச்சலா?”

கேலி செய்கிறாள் என்று அவருக்குப் பட்டது. முகம் சிவந்து, “அதெல்லாம் ஒண்ணுமில்ல. ரெண்டு தட்டுத் தட்டுனா எந்திரிச்சிரும்” என்று சொல்லி ஏணியில் ஏறி, டிரங்குப் பெட்டியின் மேல் கையால் ஓங்கி அடித்தார். வீடே அதிர்ந்தது. செண்பகம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர் இறங்கிவந்தார்.

சூழ்நிலையைச் சரிசெய்ய முருகேஸ்வரி முயன்றாள். புருஷன் சோம்பேறி இல்லை என்றாவது அவர்களுக்குத் தெரியட்டும் என்று நினைத்தாள். “நேத்து பூரா இவுக அதோடதான் மல்லுக்கட்டுனாக. புளி போட்டுத் தேச்சு, கழுவி, மொட்டை மாடி வெயில்ல காயப் போட்டாக. அதுக்கப்புறம் சாயங்காலம் நல்லா வேலை செஞ்சுது. ராத்திரிதான் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டுனாக.”

தேவதாசன் காபி தம்ளரைத் தொடாமல் பரணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இலை போட்டாயிற்று. அவியலும் கூட்டும் சொதியும் வந்து இறங்கின. பிச்சையா உட்காரவில்லை.

“எங்க கடையில ஒரு பழக்கம், சார். வேலை செய்யுதவங்க வயிறு நிறையாம நான் இலை முன்னால உக்காருறதில்ல.”

செந்தில்முருகனுக்குச் சுருக்கென்றது. வேலையை முடிக்காதவனுக்கு விருந்து என்ன வேண்டியிருக்கிறது என்று தன்னைத்தான் குத்துகிறார் என்று எடுத்துக்கொண்டார். தலை குனிந்தபடியே மறுபடி ஏணியில் ஏறினார். இந்த முறை பெட்டியைத் திறந்தார். உள்ளேயிருந்து சூடாக ஒரு காற்றும் கருகிய வாடையும் வந்தன. சிவப்பு விளக்கும் அணைந்திருந்தது. தொட்டுப் பார்த்தார். கை சுட்டது.

“செத்துப் போச்சுளா,” என்றார் பரணுக்குள்ளிருந்து.

கீழே செண்பகத்தின் கையிலிருந்த தம்ளர் விழுந்து உருண்டது.

செந்தில்முருகன் இறங்கினார். அவருக்கு யாருடைய முகத்தையும் பார்க்கத் தைரியம் இல்லை. பெருமை பேசாதீர்கள் என்று மகள் சொன்னது ஞாபகம் வந்தது. இந்தக் கல்யாணம் நின்றுபோனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்துக்கொண்டார். இத்தனை வருட வாழ்க்கையில் இவ்வளவு வெட்கப்பட்டதே இல்லை. பிச்சையாவுக்கு முன்னால் கைகூப்பி நின்றார்.

“அண்ணாச்சி, எம் மவ மேல கோவப்பட்டுராதீய. அவளுக்கு இது ஒண்ணும் தெரியாது. தப்பு பூரா என்னோடதுதான். உங்க முன்னால பெருமையா இருக்கணும்னுதான் அத வாங்குனேன். நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் பெட்டிக்குள்ள அடைச்சு, காத்துப் போகாம மூடிட்டேன். உள்ள வெந்து செத்துப் போச்சு.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “இதுக்காக மனச விட்டுராதீய. நாளைக்கே வேற ஒண்ணு வாங்கிருதேன்.”

பிச்சையா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். செண்பகம் வாய்விட்டு அழுதாள். ஒரு கம்ப்யூட்டருக்காக இவ்வளவு இளகுகிற மனசா என்று செந்தில்முருகன் நெகிழ்ந்துபோய் நிமிர்ந்தபோது, அதுவரை வாயே திறக்காத தேவதாசன் எழுந்துபோய் வாசல் கதவைத் தாழ்போட்டுவிட்டு வந்து, சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.

“நான் மாப்பிள்ளைக்குச் சித்தப்பா இல்ல, குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு ஆபீஸ்ல இருந்து வாரேன். யாரும் ஏணியத் தொடாதீய, அந்த சர்வர் பயல நானே கீழ இறக்குதேன்.”