பஞ்சாங்கமும் லினக்ஸ் சர்வரும்

உலகத்திலேயே கம்ப்யூட்டருக்கு நல்ல நேரம் பார்த்து வேலை கொடுத்த ஒரே மனிதர் எங்கள் பஞ்சாங்கம்தான். தொண்ணூறுகளின் கடைசியில் காரைக்குடியில் ஒரு மாடியறை சாஃப்ட்வேர் கம்பெனியில் நானும் அவரும் குப்பை கொட்டினோம். நான் புரோகிராம் எழுதுவேன். லினக்ஸ் சர்வர் அவர் பொறுப்பு.

ஆள் ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிட மாட்டார். கழுத்தில் ஜெபமாலை, சட்டைப் பையில் அன்றைக்குக் கிழித்த காலண்டர் தாள். ராகு காலத்தில் புதுப் பேனாவின் மூடியைக்கூடத் திறக்க மாட்டார். பஞ்சாங்கம் என்ற பட்டப்பெயர் அதனால் வந்ததுதான்.

"என்னண்ணே, சர்ச்சுக்கும் போறீக, ராகு காலமும் பாக்குறீக?"

"ஏசு சாமி மன்னிச்சிருவாரு தம்பி. ராகு மன்னிக்க மாட்டாருல்ல?"

அவர் எண்டர் தட்டும்போது யாராவது தும்மிவிட்டால் போச்சு. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒருமுறை எனக்குக் கடும் ஜலதோஷம். மத்தியானம் வரை சர்வரில் ஒரு வேலையும் நடக்காததால் முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

கம்பெனிக்கு வாடிக்கையாளர் யாரும் சிக்காத காலம் அது. சிங்கம்புணரிக் கயிறு மண்டிக்காரர் ஒருவர் எங்கள் சரக்குக் கணக்குப் புரோகிராமைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

"இவரு வாங்கலேன்னா அடுத்த மாசம் இது ஜெராக்ஸ் கடை" என்றார் முதலாளி. மெட்ராஸ் வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு இங்கே ஒட்டிக்கொண்டவன் நான்.

மண்டிக்காரர் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே வந்துவிட்டார். "பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும். அதான் வெள்ளனவே வந்துட்டேன்" என்றார். பஞ்சாங்கத்தின் பார்வையில் பாசம் வழிந்தது.

புரோகிராம் சமத்தாக ஓடியது. முக்கால் மணி நேரம் போயிருக்கும், கரண்டு போனது. யு.பி.எஸ். ஒருமுறை கத்திவிட்டுப் படுத்துவிட்டது. கரண்டு திரும்பியதும் சர்வர் எழுந்தது. என் புரோகிராம் மட்டும் எழவில்லை.

பஞ்சாங்கம் கேபிள்களைப் பிடுங்கி மாட்டினார். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தார், தாராளமாக இருந்தது. ஃபைலின் பெர்மிஷன் சரியாக இருந்தது. நல்ல நேரத்தில் ஆரம்பித்த வேலைதானே என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு மறுபடி தொடக்கினார். ஒன்றுமே நடக்காதது போலக் கர்சர் வந்து கண் சிமிட்டியது.

"கோளாறு ஒங்க புரோகிராம்லதான் தம்பி."

"இம்புட்டு நேரம் ஓடுச்சுல்லண்ணே! சர்வர் எழுதி வச்சிருக்கிற லாக்கைப் பாருங்க."

"எனக்குத் தெரியாததையா லாக்கு சொல்லிரப் போவுது?"

முதலாளியின் முகம் ஜெராக்ஸ் தாள் போல வெளுத்துவிட்டது. பொறுக்க முடியாமல் நானே கீபோர்டை இழுத்து லாக்கைத் திறந்தேன். கடைசி வரி ஆங்கிலத்தில் சொன்னது: ராகு காலம் நடக்கிறது, பன்னிரண்டு மணிக்கு மேல் தொடங்கவும்.

பஞ்சாங்கம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "அட, நாந்தான் எழுதிருக்கேன்!"

சர்வர் வாங்கிய புதிதில், எந்தப் புரோகிராமும் ராகு காலத்தில் தொடங்கக் கூடாதென்று, புரோகிராம்களைத் தொடக்கிவைக்கும் ஸ்கிரிப்டில் நாலு வரி சேர்த்திருக்கிறார். தினமும் அவரே நேரம் பார்த்துத் தொடக்கியதால் அந்த நாலு வரிக்கு வேலையே வரவில்லை. மனுஷர் சுத்தமாக மறந்துவிட்டார்.

"அதை இப்பவே அழிங்க!" என்று முதலாளி கத்தினார்.

பஞ்சாங்கம் கையைக் கட்டிக்கொண்டார். "அழிக்கிறதும் ஒரு புதுக் காரியந்தானே முதலாளி? பன்னெண்டுக்கு மேல அழிக்கிறேன்."

மண்டிக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் திரைக்கருகில் வந்து குனிந்தார்.

"என்ன சொல்லுது மிஷினு?"

கூச்சத்தோடு சொன்னேன்.

"இத மொதல்லயே சொல்ல வேணாமா? எங்க கடைப் பயலுக எத்தன தடவ சொன்னாலும் ராகு காலத்துலதான் புதுச் சரக்கைப் பிரிக்கிறாய்ங்க. இனிமே மிஷினே தடுத்துரும்ல?"

"தடுத்துரும்" என்றார் பஞ்சாங்கம், கம்பீரமாக.

"அப்ப அதையும் சேத்தே குடுங்க. பன்னெண்டு அடிக்கட்டும், அட்வான்ஸ் தாரேன்."

அதுவரை இருவரும் டீ குடித்தபடி குளிகை, எமகண்டம் என்று பேசித் தீர்த்தார்கள். பன்னிரண்டு அடித்ததும் புரோகிராம் எழுந்தது. ஜெராக்ஸ் மெஷின் வரவேயில்லை.

இப்போது வேறு ஊரில், பெரிய பெரிய சர்வர்களோடு மல்லுக்கட்டுகிறேன். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல் யாராவது எதையாவது ரீஸ்டார்ட் செய்யச் சொன்னால், டீ குடிக்க வேண்டும், போன் பேச வேண்டும் என்று பன்னிரண்டு வரை இழுத்தடிப்பேன். ராகு காலத்தில் எனக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. அந்த ஒன்றரை மணி நேரமும் பஞ்சாங்கம் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.